தூண்டிலைச் சுருட்டும் நேரம்

கோடையில் கார் நிறுத்த இடம் கிடைக்காத வால்டன் குளம், நவம்பர் பாதியில் ஆளரவமற்றுப் போகும். நீந்த வந்தவர்கள் போய்விட்டார்கள். இலைகளின் நிறம் பார்க்க வந்தவர்களும் போய்விட்டார்கள். ஓக் மரங்களில் மட்டும் காய்ந்த இலைகள் உதிராமல் சரசரத்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் கரையோரக் கூழாங்கற்களின் மேல் கண்ணாடித் தகடாகப் பனிக்கட்டி படிந்திருக்கும். அப்போது கரையில் மிச்சம் இருப்பவர்கள் டிரவுட் மீனுக்காக நிற்பவர்கள்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனுக்கு மேற்கே, கான்கார்டு ஊரில் உள்ள இந்தக் குளம் எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. இலை உதிரத் தொடங்குவதிலிருந்து நீர் உறைவதுவரை நான் தூண்டில் போடுவது இங்கேதான்.

டிரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதற்குச் சிரமம். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, அதே வெப்பத்தில் மீனின் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனோ அதிகம். அதனால் கோடை முழுக்க அது ஆழத்துக் குளிர்ந்த அடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும். வால்டனில் அதற்கு இடம் உண்டு. பனியாறுகள் பின்வாங்கிய காலத்தில் மண்ணுக்குள் புதைந்து நின்ற பெரும் பனிப்பாளம் உருகி உண்டான பள்ளம் இது. 1846 தொடக்கத்தில், உறைந்த குளத்தின் மேல் நடந்து, பனியைத் துளைத்துக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ அளந்தார். மிக ஆழமான இடத்தில் 102 அடி இருந்தது.

இலையுதிர்காலம் முற்றும்போது மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. 4 பாகையில்தான் நீருக்கு அடர்த்தி மிகுதி. மேலும் கீழும் கலந்து குளம் முழுதும் ஒரே குளிர்ச்சிக்கு வந்துவிடும். ஆக்சிஜனும் அடிவரை போய்ச் சேரும். அதுவரை ஓர் அடுக்கில் அடைபட்டிருந்த மீன் இப்போது குளமெங்கும் திரியலாம். கரையிலிருந்து தூண்டில் எறியும் தூரத்துக்குள் அது வருவது இந்த வாரங்களில்தான்.

ஆனால் குளிர் ஏற ஏற மீன் மந்தமாகும். அதன் உடம்பின் வெப்பம் நீரின் வெப்பமே. செரிமானம் மெதுவாகும், பசி குறையும், வேகமாக ஓடும் இரையைத் துரத்தாது. அதனால் ரீலைச் சுற்றும் கையும் நிதானப்பட வேண்டும். மாவு இரையோ மண்புழுவோ போட்டால் அடியில் அப்படியே கிடக்க விட வேண்டும். மீன் கடிப்பது வெடுக்கென்று தெரியாது, நூல் இலேசாகக் கனக்கும், அவ்வளவுதான். கழியின் வளையங்களில் ஈரம் உறைந்து நூல் ஓடாமல் நிற்கும். நுனியை நீருக்குள் அமிழ்த்திக் கரைத்துக்கொள்ள வேண்டும். விரல் நுனிகளில் உணர்வு போய்விட்டால் அந்தச் சின்னக் கனம் கைக்கு எட்டாது என்பதால், கையைச் சூடாக வைத்திருப்பதே பாதித் தொழில். இவ்வளவு குளிரில் மனம் வேறெங்கும் போக முடியாது. நூல், நீர், கை ஆகிய மூன்றுக்குள் அது நிற்கும். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. அதை மறைக்க மாட்டேன்.

இந்த மகிழ்ச்சியின் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கிறது. அந்த உயிருக்கு நான் என்ன பதில் சொல்வது?

என்னோடு குளத்தைச் சுற்றி நடக்க வரும் நண்பன் கும்பகோணத்துக்காரன், சைவம். ஒருநாள் கேட்டான்: “கடையிலதான் மீன் கிடைக்குதே. இந்தக் குளிர்ல நின்னு நீயே எதுக்குக் கொல்லணும்?” குத்தலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கேள்வி நியாயமானது என்பதால் அதை என்னோடு எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதலில், மீனுக்கு வலிக்குமா? வேறு ஏதோ மீனை வைத்துச் செய்த ஆராய்ச்சி என்று நான் இதைத் தள்ளிவிட முடியாது. 2003-இல் எடின்பரோவுக்கு அருகே ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தது வானவில் டிரவுட்டைத்தான். நான் பிடிக்கிற அதே மீன். உடம்பைச் சேதப்படுத்தும் சூட்டையும் அழுத்தத்தையும் வேதிப்பொருளையும் உணரும் நரம்பு முனைகள் அதன் தலையிலும் முகத்திலும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். உதட்டில் தேனீயின் நஞ்சோ அசெட்டிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் அடியில் நின்று பக்கவாட்டில் ஆடின. அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைச் சரளையில் தேய்த்தன. மற்ற மீன்களைவிட வெகுநேரம் கழித்தே மீண்டும் இரை எடுத்தன. மனிதனுக்கு உள்ளது போன்ற பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை, ஆகவே அது வலியை நம்மைப்போல் அறிய முடியாது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. வாதம் முடியவில்லை. ஆனால் முள் போய்த் தைப்பது உதட்டில். உறுதியாகத் தெரியாத இடத்தில், வலிக்கும் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் நேர்மை.

வலிக்கும் என்று ஒப்புக்கொண்டவர்களில் பலர் இங்கே கண்ட வழி, பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது. எதிர்முள்ளை நசுக்கிய தூண்டில், ரப்பர் வலை, ஈரக் கை, ஒரு புகைப்படம், பிறகு நீருக்குள். கருணையான வழி என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கவனமாக விடப்பட்ட மீன்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன என்பதும் உண்மை, அதுவும் குளிர்ந்த நீரில். ஆனால் அந்தப் புகைப்படத்தின் விலையைப் பார்க்க வேண்டும். 1992-இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், களைத்துப்போகும்வரை ஓடவைத்த வானவில் டிரவுட்களில் சிலவற்றைக் காற்றில் வைத்தும் சிலவற்றை வைக்காமலும் பார்த்தார்கள். காற்றில் வைக்காதவற்றில் 12 விழுக்காடு இறந்தன. அரை நிமிடம் வைத்தவற்றில் 38, ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72. ஆய்வுக்கூடத்தின் கடுமை குளத்தில் இருக்காது என்றாலும், காற்றில் ஒரு நிமிடம் என்பது மீனுக்கு என்னவென்று அந்த எண்கள் சொல்கின்றன. உறைநிலைக்குக் கீழான காலையில் இன்னொன்றும் சேர்கிறது. வெளியே எடுத்த மீனின் ஈரச் செவுள் குளிர்காற்றிலேயே உறையக்கூடும்.

இருந்தாலும் எத்தனை மீன் சாகிறது என்ற கணக்கைவிட நோக்கமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தின்னும் எண்ணமே இல்லாமல், மீன் திமிறுவதைக் கையில் உணர்வதற்காக மட்டும் முள்ளை மாட்டுவது என்றால், அதன் துன்பமே என் விளையாட்டுப் பொருள். சுவிட்சர்லாந்தில், திரும்ப விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே சட்டம் தடுக்கிறது. தகுந்த காரணமின்றி எந்த விலங்குக்கும் வலி உண்டாக்கக் கூடாது என்கிறது ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம். உணவு காரணமாகும், பொழுதுபோக்கு ஆகாது என்ற பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. விடுவதே சரி என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. இந்த மாநிலத்தின் ஓடைகளில் தானாக இனம் பெருக்கி வாழும் புரூக் டிரவுட் இந்த மண்ணின் மீன். அதன் எண்ணிக்கை நீரின் குளிர்ச்சியையும் தூய்மையையும் நம்பி நிற்கிறது. தவறி மாட்டினால் விட்டுவிடத்தான் வேண்டும். அதைவிட நல்லது அங்கே தூண்டிலே போடாமல் இருப்பது. நான் போடுவதில்லை.

குளத்து மீனின் கதை வேறு. மாநிலத்தின் மீன்வளத் துறைக்கு ஐந்து குஞ்சு பொரிப்பகங்கள் உள்ளன. சாண்ட்விச், பெல்சர்டவுன், பால்மர், சண்டர்லேண்ட், மாண்டகியூ ஆகிய ஊர்களில் அவை இருக்கின்றன. அங்கே வளர்ந்த டிரவுட்களை வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் லாரிகளில் ஏற்றிக் குளங்களில் விடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் வருபவை பெரும்பாலும் வானவில் டிரவுட். பசிபிக் கரையோர ஆறுகளின் மீன் அது. மனிதர்கள் அதன் முட்டைகளை உலகமெங்கும் எடுத்துப் போனார்கள். நீலகிரியின் அவலாஞ்சிக்கும் இலங்கையின் மலைநாட்டு ஓடைகளுக்கும் போனது இதே இனம். இங்குள்ள ஆழமற்ற பல குளங்களில் அடுத்த கோடையின் வெப்பத்தை அது தாங்காது. குளத்தில் அது இனம் பெருக்குவதும் இல்லை. பிடித்து உண்பதற்கென்றே விடப்படும் மீன் இது. உரிமச் சீட்டுக்கு நான் கட்டும் பணமும், தூண்டில் சாமான்களின் மேல் விதிக்கப்பட்டு 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி மீன்வளத்துக்கு ஒதுக்கப்படும் மத்திய வரியும் இந்த ஏற்பாட்டுக்குள் போகின்றன.

குளமும் பொதுச் சொத்து. மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தினர் 1641-இல் எழுதி 1647-இல் விரிவாக்கிய சட்டம், 10 ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளங்களில் மீன் பிடிக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு வைத்தது. கரை யாருடையதானாலும் பெருங்குளத்தின் நீர் எல்லோருக்கும் என்ற அந்தக் கொள்கை இன்றும் நிற்கிறது. ஆக, இந்தக் குளத்தில் ஒரு டிரவுட்டை எடுக்கும்போது நான் யாரிடமிருந்தும் திருடவில்லை, ஓர் இனத்தையும் அழிக்கவில்லை. ஆனால் உரிமை இருப்பதும் ஓர் உயிருக்குப் பதில் சொல்வதும் ஒன்றல்ல.

நண்பனின் கேள்வியில் ‘நீயே’ என்பதுதான் அழுத்தமான இடம். கடையில் வாங்கினால் கொலை என் கையில் இல்லை என்று அவன் எனக்காக நினைக்கிறான். வள்ளுவர் அந்த வாசலைப் புலால் மறுத்தலில் முன்பே அடைத்துவிட்டார். விற்பவனின் கொலைக்கு வாங்குபவனையும் அவர் பொறுப்பாக்குகிறார். மீன் தின்கிறவன் நான். பனிக்கட்டியின் மேல் அடுக்கி வைத்த துண்டத்தைக் காசு கொடுத்து எடுத்து வந்தாலும் அந்தச் சாவு என் கணக்கில்தான் வரும். அது எப்படி நடந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போகும். தெரியாமல் இருப்பது சௌகரியம், பாவக் குறைவு அல்ல. வள்ளுவர் சொல்வதை முழுதாக ஏற்றால் மீனையே விட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் செய்யவில்லை. செய்யாதவரை, ஆண்டில் சில நாட்களாவது அந்தச் சாவைக் கண்ணால் கண்டு, கையால் செய்து, அதன் கனத்தை அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கைக்கு ஒழுங்கு வேண்டும். கரைக்கு வந்த மீனைக் காற்றில் துடிக்க விடக் கூடாது. குளிர்ந்த உடம்புக்கு ஆக்சிஜன் தேவை குறைவு என்பதால், குளிர்காலத்தில் மூச்சடைத்துச் சாவதற்கு அதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். வாளியில் போட்டு மறந்துவிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. கைவலையில் எடுத்த உடனே கண்ணுக்குச் சற்றுமேல், மண்டையில், கனத்த கட்டையால் அழுத்தமாக ஓரடி. உடனே செவுளின் கீழ் அறுத்து இரத்தத்தை வடிய விட வேண்டும். சில நொடிகளில் முடிந்துவிடும், முடிய வேண்டும். தூண்டிலிலும் ஈயக் குண்டுக்குப் பதில் வேறு உலோகம். லூன் என்ற நீர்ப்பறவை அடியில் கிடக்கும் ஈயத்தை விழுங்கி நஞ்சேறிச் சாவதால், சிறிய ஈயக் குண்டுகளை 2012 முதல் இந்த மாநிலத்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் தடை செய்திருக்கிறார்கள். வீட்டில் குடலெடுத்துக் கழுவி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வறுக்கிறோம். தலையும் முள்ளும் புளிக்குழம்புக்கு. எதையும் வீசுவதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக ஒன்று செத்திருக்கிறது என்பது தட்டில் சோறு போடும்போது எங்கள் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். கடை மீன் என்றால் அந்த நினைவு வருவதில்லை.

குளத்தங்கரையில் வீடு கட்டி 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர்வரை வாழ்ந்த தோரோவும் இதே கேள்வியோடு இருந்தவர். மீன் பிடிப்பதில் கெட்டிக்காரர். சிறுவர்கள் காட்டுக்குள்ளும் நீருக்குள்ளும் நுழைய அது ஒரு வாசல் என்று நம்பினார். ஆண்டுகள் போகப் போகத் தன் மனம் அதிலிருந்து விலகிக்கொண்டே வருவதையும் எழுதிவைத்தார். அந்த விலகலை அவர் வளர்ச்சியாகவே கண்டார். அதை நான் மதிக்கிறேன். ஒருநாள் எனக்கும் அப்படி நேரலாம். ஆனால் இந்தக் குளத்து வாழ்க்கையைப் பற்றிய அவருடைய நூலில் எனக்கு இதைவிடக் கூர்மையாகத் தைத்த செய்தி பனிக்கட்டி வெட்டியதைப் பற்றியது.

1846-47 குளிர்காலத்தில் வணிகர்களின் ஆட்கள் நூறு பேர் வந்து வால்டன் குளத்தின் பனியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்தார்கள். நியூ இங்கிலாந்தின் குளங்களிலிருந்து பாஸ்டன் வழியாகக் கப்பலேறிய பனிக்கட்டி கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. வால்டன் கரையில் குவித்தது 10,000 டன் இருக்கும் என்று கணித்தார்கள். வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். மறு ஜூலையில் திறந்து ஒரு பகுதியைக் கொண்டுபோனார்கள். மிச்சம் எங்கும் போகவில்லை. வெயிலில் நின்று, இன்னொரு குளிர்காலத்தையும் தாண்டி, 1848 செப்டம்பரில்தான் உருகித் தீர்ந்தது. பெரும்பகுதி குளத்துக்கே திரும்பியது. எடுக்க முடிந்ததால் எடுத்தார்கள், தேவை இருந்ததால் அல்ல. பனிக்கட்டி உருகிக் குளத்துக்குத் திரும்பிவிடும். மீன் திரும்பாது.

ஒரு நாளில் எத்தனை டிரவுட் எடுக்கலாம் என்று சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லை குளத்தைக் காப்பதற்கானது. எனக்கான எல்லையைச் சட்டம் வகுக்க முடியாது. அது அன்றைய அடுப்பில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு வேளைக்கு இரண்டு மீன் போதும். இரண்டாவது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறேன். உறைபெட்டியில் போட்டு வைக்க எடுப்பதில்லை. ‘பிடித்து விட்டுவிடலாமே’ என்று தொடர்வதும் இல்லை.

இப்படிச் சில எல்லைகளோடுதான் நான் வளர்ந்தேன். வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. அம்மா அதற்குச் சொன்ன காரணம் பெருமாள். இப்போது எனக்குத் தெரிவது, மீன் சந்தையில் நிறையக் கிடைக்கும்போதும், கையில் காசு இருக்கும்போதும், நாக்கு கேட்கும்போதும் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல அந்த வீடு எங்களைப் பழக்கியது என்பது. இங்கே இலையுதிர்கால மீன் லாரிகள் குளத்துக்கு வரத் தொடங்குவதும் புரட்டாசியில்தான். அந்த மாதத்தில் நான் தூண்டிலை எடுப்பதில்லை. ஐப்பசி பிறந்து, கரை குளிர்ந்த பிறகே போகிறேன்.

குளிர்காலத்துக் குளம் ஒருவனுக்கு அளவைக் கற்றுத்தரும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மீன் அரிதாகக் கடிக்கிறது, விரல் மரத்துப்போகிறது, பொழுது சீக்கிரம் சாய்கிறது, தானாக வீட்டுக்குப் போகத் தோன்றும். ஆனால் கடிக்காத நாளில் திரும்புவது அளவறிதல் அல்ல, வேறு வழியில்லாமல் திரும்புவது. உண்மையான சோதனை சில நாட்களில்தான் வரும். காற்று அடங்கி, வெயில் சற்றே ஏறி, கரையோரம் மீன் கூடி, போட்டதும் நூல் கனக்கும் நாள். கை கேட்கும். பக்கத்தில் நிற்பவர், ‘இப்போதா போகிறாய்?’ என்று வியப்பார். இத்தனை காலைகள் குளிரில் நின்றதற்கு இன்றுதான் கூலி என்று மனம் நியாயம் பேசும். அந்த நாளில் இரண்டோடு சுருட்டும்போதுதான், நான் வந்தது சாப்பாட்டுக்கு என்று சொல்வது மெய்யாகிறது. இல்லையென்றால் பசி வெறும் சாக்கு, ஆசைதான் தூண்டில் போட்டது.

சம்பளம், வீடு, பேச்சு, புகழ் என்று வாழ்க்கையில் நாம் எடுத்துக்கொள்ளும் எதற்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்று நினைக்கிறேன். எதை எடுத்தாய் என்பதைவிட, இன்னும் கிடைத்துக்கொண்டிருந்தபோது எங்கே நிறுத்தினாய் என்பதே ஒருவனைப் பற்றி அதிகம் சொல்லும். என் நண்பன் எடுக்காமலே இருக்கிறான். அது உயர்ந்த நிலை என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். எடுக்கிறவனாகிய எனக்கு மிஞ்சும் கடமை மூன்று: என் உணவுக்காக நேரும் சாவை அறிந்திருப்பது, அதன் துன்பத்தை இயன்றவரை சுருக்குவது, போதும் என்ற இடத்தில் மகிழ்ச்சி இன்னும் மிச்சமிருக்கும்போதே நிறுத்துவது. முதல் இரண்டும் கைக்குப் பழகிவிட்டன. மூன்றாவது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதை மற்ற இரண்டைவிட மேலாக வைக்கிறேன்.